'பெயின்' என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 'பெயின்' என்னும் சொல், வேரளவில் வலியைக் குறித்ததன்று. கொலைக்கு ஈடாகச் செலுத்தும் குருதிப்பணத்தைக் கிரேக்கர் 'பொய்னே' என்றனர். அஃது இலத்தீனில் 'பொய்னா' எனத் தண்டனையைக் குறித்து, பழம் பிரெஞ்சு வழியே 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலம் புகுந்தது. அபராதமாகிய 'பெனால்டி', 'தண்டனைக்கு உட்பட்டு' எனப் பொருள்படும் நீதிமன்ற ஆணையாகிய 'சப்பீனா', ஏங்கி வாடுதலாகிய 'பைன்' ஆகியனவும் அவ்விலத்தீன் வேரின் கிளைகளே. 1860இல் இயற்றப்பெற்று 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள 'பீனல்' என்பதும் அவ்வாறே.

நோயுற்றோர், "என்ன பாவம் செய்தேனோ" எனப் புலம்பக் கேட்கிறோம். துன்பத்தைத் தண்டனையாகக் கருதும் அவ்வெண்ணமே இச்சொல்லினுள்ளும் உறைகின்றது. சொல்லின் பிறப்பை அறிந்த நாம், வலியால் துடிப்போரிடம் குற்றம் தேடாது, மருந்தும் ஆறுதலும் அளிப்போமாக.