அடக்கமான பிள்ளையும் ஆட்டிசமும்

மெர்லிமாவ் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில், வகுப்பில் அமராமல் ஓடும் பையனைப் பற்றி அவன் பெற்றோரை அழைத்துப் பேசுகிறோம். ஒரு மூலையில் வாய் திறவாமல் இருக்கும் பெண்பிள்ளையையோ "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். இப்பாராட்டினால் சில பிள்ளைகளுக்கு உரிய உதவி கிடைக்காமற் போகிறது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இன்று வரலாற்றில் காண்போம்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, தாயின் வளர்ப்புக் குறையுமன்று. மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமைந்த வேறுபாடு அது. பிறருடன் பழகுவதும், பேச்சின் உட்பொருளை அறிவதும் இவர்களுக்குக் கடினம். சிலருக்கு ஓசையும் துணியின் உரசலும்கூடத் தாங்க முடியாதவை.

1925ஆம் ஆண்டிலேயே மாஸ்கோ மருத்துவர் குருன்யா சுகரேவா என்னும் பெண்மணி, ஆறு சிறுவர்களிடம் இத்தன்மைகளைக் கண்டு வேறு பெயரில் எழுதினார். 1927இல் சிறுமிகளைப் பற்றியும் தனியே எழுதினார். அவ்வெழுத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் விவரித்த 11 பிள்ளைகளுள் 3 பேர் சிறுமிகள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் சிறுவர்கள். இப்படிப் பெரும்பாலும் சிறுவர்களைக் கண்டே அடையாளங்கள் வகுக்கப்பட்டன. அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை தங்கைக்குப் பொருந்துமா?

லண்டன் மருத்துவர் லோர்னா விங், ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வில், அறிவு வளர்ச்சி மிகக் குன்றியவர்களிடையே ஒரு சிறுமிக்கு ஏறக்குறைய 2 சிறுவர் இருந்தனர். கற்கும் திறன் மிக்கவர்களிடையே ஒரு சிறுமிக்கு 15 சிறுவர்! கெட்டிக்காரச் சிறுமிகள் பலர் கண்ணில் படாமற் போயினர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் இதை எடுத்துரைத்தது. 2017இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு சிறுமிக்கு ஏறக்குறைய 3 சிறுவர் என்றே கணக்கு வந்தது.

இச்சிறுமிகள் எவ்வாறு மறைகின்றனர்? தோழியர் சிரித்தால் தாமும் சிரிக்கின்றனர். அவர்கள் பேசுவதைப் பார்த்துப் பழகி அவ்வாறே பேசுகின்றனர். பள்ளியில் நாள் முழுதும் இப்படி நடித்துக் களைத்து, வீடு திரும்பியதும் அழுகின்றனர். "பள்ளியில் நல்ல பிள்ளை, வீட்டில் பிடிவாதம்" என்று நாம் ஏசுகிறோம். சிலருக்கு வயது வந்து, மனச்சோர்வுக்கு மருந்து தேடும்போதுதான் உண்மை தெரியவருகிறது.

தாய்மார்களே! ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை. பிள்ளையைக் கவனித்தும், பெற்றோர் சொல்வதைக் கேட்டுமே டாக்டர் முடிவு செய்கிறார். ஆகவே, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தாதி பிள்ளையின் வளர்ச்சி பற்றிக் கேட்கும்போது, உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளி வயதுப் பெண்ணாயின், வீட்டில் கண்டதை நாள் குறித்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் கண்டதை எழுதித் தருவோம். ஆட்டிசம் என்று உறுதியானால், சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம்; 2008ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் திருமணம் தடைப்படுமே என்று அஞ்சி மறைப்பவர் உண்டு. மறைப்பதால் பிள்ளையின் துன்பம் குறையாது. துணையின்றி அதை அவள் ஒருத்தியே சுமப்பாள்.