தமிழின் கிளையாகக் கணக்கிடப்படும் எருகல மொழி: தெலுங்கு மண்ணில் சுருங்கும் பேச்சு

கண்ணப்ப நாயனார் வரலாற்றால் தமிழர்கள் நன்கறிந்த காளஹஸ்தி, ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டத்திலும் அண்டைச் சித்தூரிலும் வாழும் பழங்குடியினரில் எருகலரும் ஒரு பிரிவினர். வெளியில் தெலுங்கு பேசும் இவர்களின் பூர்விக மொழி, தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழியாகும். அதற்குத் தனி எழுத்து இல்லை.

தெலுங்கில் 'எருக' என்றால் அறிவு. குறி சொல்வதையும் குறிக்கும். இச்சமூகப் பெண்களின் தொழிலால் வந்த பெயர் இது. தங்களை இவர்கள் 'குர்ரு' என அழைத்துக்கொள்வர். தமிழகக் குறவரின் உறவினராகவே இவர்களை ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சாத்துப்படி, காவடி, மானப்பாடி, மேந்திரகுத்தி என்பன இவர்களின் குலப் பிரிவுகள். முதல் இரண்டுக்கும் தமிழ் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கூடை முடைதலோடு, கழுதைகளிலும் பொதி மாடுகளிலும் கடலோர உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்பதும் இவர்களின் தொழிலாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் வந்ததும் அவ்வணிகம் நலிந்தது. அலைந்து திரிந்தோர் மீது அரசின் சந்தேகம் விழுந்தது. 1905-இல் ரயில்வே காவல் அதிகாரி பாப்பாராவ் நாயுடு, குறவர், எருகலர் குறித்துத் தனி நூலே வெளியிட்டார். ஒரு சமூகத்தின் வரலாற்றைக் காவல்துறையினர் எழுதிய காலம் அது.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. வட ஆற்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். 1913-இல் இரட்சணிய சேனையின் நிர்வாகத்தில், இன்றைய பாபட்லா மாவட்டத்தின் ஸ்டூவர்ட்டுபுரத்தில் குடியேற்றம் அமைக்கப்பட்டு எருகலர் அங்கு வைக்கப்பட்டனர். சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. பழிச்சொல் அத்துடன் நீங்கவில்லை; பேச்சே ஒருவரை அடையாளம் காட்டிவிடும் நிலையில், பொது இடத்தில் தெலுங்கே பாதுகாப்பானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒன்றுபட்ட ஆந்திரத்தில் எருகலர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடு முழுவதும் எருகல மொழியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் சுமார் 58 ஆயிரம் பேர் மட்டுமே. அதாவது, ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவர். அவர்களும் கணக்கெடுப்புப் பட்டியலில் தமிழ் என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கப்படுகின்றனர்.

பழங்குடிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி வழியே தொடக்கக் கல்வி அளிக்க, ஒன்றுபட்ட ஆந்திர அரசு கோண்டி, கோயா, கோலாமி, குவி, கொண்டா, சவரா, பஞ்சாரா, ஆதிவாசி ஒடியா ஆகிய 8 மொழிகளில் பாடநூல்களைத் தயாரித்தது. அப்பட்டியலில் எருகல மொழி இடம்பெறவில்லை.