வோங்–பேக்கர் முக அளவுகோலின் வரலாறு

தீப்புண் கட்டு மாற்றும்போது பழைய துணியைப் பிரித்து, புண்ணைக் கழுவி, இறந்த தோலை நீக்குவார்கள். அந்த வலி எவ்வளவு என்று சொல்லச் சின்னக் குழந்தைக்குச் சொல் கிடையாது. அழுவது வலியாலா, பயத்தாலா என்று தெரியாமல் மருந்தின் அளவை முடிவுசெய்வது எப்படி?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டல்சா நகரத் தீப்புண் பிரிவொன்றில் இக்கேள்வியை எதிர்கொண்டவர்கள், செவிலியர் டோனா வோங், சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் விளையாட்டையும் மனத்தையும் கவனித்த கோனி பேக்கர் ஆகிய இருவர். எண்களைக் கொண்ட அளவுகோல் சிறுவர்களுக்குப் பிடிபடவில்லை. எண்ணத் தெரியாத பிள்ளையிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் என்ன பதில் வரும்? எனவே ஆறு வெற்று வட்டங்களைக் கொடுத்து, வலியே இல்லாத முகம் முதல் தாங்க முடியாத வலியுள்ள முகம் வரை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் புன்னகையில் தொடங்கிக் கண்ணீரில் முடித்தனர். அப்படங்களை வைத்தே ஓவியர் ஒருவர் இன்றைய ஆறு முகங்களை வரைந்தார். ஆய்வுக் கட்டுரை 1988இல் வெளிவந்தது.

அழாத குழந்தையும் கடைசி முகத்தைத் தொட்டுக் காட்டலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் புன்னகையும் கண்ணீரும் வலியோடு மனநிலையையும் கலந்துவிடுகின்றன என்ற விமர்சனம் எழுந்தது. 2001இல் வெளியான திருத்திய முக வலி அளவுகோலில் இரண்டுமே இல்லை.