பொய் சொன்ன சோதனைகள்

கிட் என்ற மென்பொருளின் வரலாற்றைக் கேட்டால் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள். லினக்ஸ் கர்னலை எழுதியவர்கள் பாவித்துவந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005இல் இல்லாமல் போனது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரலில் சில நாட்களுக்குள் சொந்தமாக ஒன்றை எழுதி முடித்தார். ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்களை இழுத்தது அதன் சோதனைகளின் கதை.

கலைப்பீடக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேப்பியள். கிட் ஒரு சுவடிக்கூடம் மாதிரி. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதை அது காத்து வைக்கிறது. அது பழுதானால் நினைவே பழுதாகும். அதனால்தான் 2005 மே மாதமே சோதனைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஷெல் நிரல். வெறும் களஞ்சியம் ஒன்றை உருவாக்கும், சில கட்டளைகளை ஓட்டும், எதிர்பார்த்தது நடந்தால் 'ஓகே' என்று அச்சிடும்.

சிக்கல் அந்த 'ஓகே'யில்தான் இருந்தது.

தொடக்கத்தில் இரண்டு வகைச் சோதனைகள் இருந்தன. ஒன்று வெற்றியை எதிர்பார்க்கும், மற்றது தோல்வியை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சோதனைக்குள் ஐந்து கட்டளைகள் இருக்கலாம். தோற்கவேண்டியது ஐந்தாவது மட்டுமே. இரண்டாவது வேறு ஏதோ காரணத்தால் தோற்றாலும் 'தோல்வி வந்துவிட்டது, சரி' என்று சோதனை தேறிவிடும். பார்க்கவேண்டிய இடத்துக்குப் போகாமலே சான்றிதழ்! 2008 பெப்ரவரியில் ஹமானோ அந்த ஏற்பாட்டையே மாற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு, 'இது பிழை எண்டு தெரியும், இன்னும் திருத்தேல்லை' என்பதே பொருள். தோற்கவேண்டிய கட்டளைக்குத் தனி உதவிக் கருவியும் வந்தது. அந்தக் கருவியின் நுட்பம் எங்களுக்கு நல்லாப் பிடித்தது. நிரல் முறையாக மறுத்தால் ஏற்றுக்கொள்ளும், நினைவகப் பிழையில் விழுந்து செத்தால் ஏற்றுக்கொள்ளாது. 'மாட்டன்' எண்டு சொல்லுறதும் மயங்கி விழுறதும் ஒண்டில்லையே.

அடுத்த பொய் இன்னும் சின்னது. ஷெல்லில் வரிகளை '&&' குறியால் கோர்த்தால், ஒன்று தோற்றதும் எல்லாம் நின்றுவிடும். ஒரு வரியின் முடிவில் அதை விட்டுவிட்டால், அந்த வரி தோற்றது யாருக்கும் தெரியாது. கடைசிக் கட்டளை சொல்வதே தீர்ப்பு. இந்த விடுபடல்களைக் கண்ணால் தேடுவது பெரிய கரைச்சல். 2015இல் ஜெஃப் கிங் ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், 117 என்ற எண்ணோடு தோற்கிற ஒரு கட்டளையைக் கோர்த்தார். சங்கிலி முழுதாக இருந்தால் வேறெதுவும் ஓடாமல் 117 அப்படியே வெளியே வரும். வேறு எண் வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. சோதனையையே சோதிக்கிற சோதனை.

குழாய்க்குறியும் இதே வகைதான். கிட்டின் வெளியீட்டை நேரே இன்னொரு கட்டளைக்குள் விட்டால், கிட் தோற்றதை ஷெல் சொல்லாது. அதனால் முதலில் ஒரு கோப்பில் எழுதி, பிறகு அதைப் பார்க்கும்படி பழைய சோதனைகள் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றப்பட்டன.

பெரிய கணக்கு பிறகு வந்தது. கிட் ஒவ்வொரு பொருளுக்கும் ஷா-1 முறையில் 40 எழுத்து அடையாளம் இடும். ஒரே ஷா-1 அடையாளம் கொண்ட இரு வேறு கோப்புகளை உருவாக்கலாம் என்று 2017இல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ஷா-256க்குப் போனால் அடையாளம் 64 எழுத்து. ஆனால் சோதனைகளுக்குள் பழைய அடையாளங்கள் கையால் எழுதிக் கிடந்தன! கிட் சரியாக வேலை செய்தாலும் அவை 'பிழை' என்றே சொல்லும். அவற்றையெல்லாம் இரண்டு முறைக்கும் பொருந்தும்படி திருத்திக்கொண்டு வந்த பிறகுதான், 2020 ஒக்டோபரில் 2.29 பதிப்பில் ஷா-256 பரீட்சார்த்தமாக வெளிவந்தது.

இந்தத் துப்புரவு வேலை இன்னும் முடியவில்லை. கூகுளின் கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும் குட்டி வேலைகளில் பல இந்த வகைதான். ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வரி, தோற்கும்போது வாய் திறக்காது. அதற்குப் பதிலாக எந்தக் கோப்பு இல்லை என்று சொல்லும் வரியைப் போடவேண்டும். ஒரு வரியை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று குறிப்பு எழுதவேண்டும், சில குறிப்புகள் மாற்றத்தை விட நீளம். அவையும் கிட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. 2008இல் ஹமானோ தன் பழைய ஏற்பாடு ஏன் பிழை என்று எழுதிய விளக்கம் அங்கேதான் இருக்கிறது, யாரும் எடுத்து வாசிக்கலாம்.