அடையாற்றின் ஆர்மேனியப் பாலம்: டேனியல் ஓவியமும் உஸ்கானின் பெயரும்

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் சென்னைக்கு வந்து தென்னாடெங்கும் பயணம் செய்தனர். அப்பயணத்தில் அவர்கள் கண்ட காட்சிகளுள் ஒன்று, பரங்கிமலைக்குச் செல்லும் வழியில் அடையாற்றைக் கடந்த நீண்ட பாலம். அது 'ஓரியண்டல் சீனரி' நூலின் இரண்டாம் வரிசையில் 'ஆர்மேனியப் பாலம்' என்னும் தலைப்புடன் 1798இல் அச்சேறியது.

இவ்வோவியத்தைச் சான்றாகக் கொள்ளுமுன் அவர்கள் வரைந்த முறையை நோக்க வேண்டும். இருவரும் காட்சி நடந்த இடத்திலேயே பென்சிலால் வரைவு எடுத்தனர். கட்டடங்களின் அளவும் கோணமும் பிறழாதிருக்கக் கேமரா அப்ஸ்குரா என்னும் இருட்பெட்டியையும் பயன்படுத்தினர். வண்ணமும் அச்சுத் தகடும் பல ஆண்டுகள் கழித்து இலண்டனில் உருவானவை. ஆகவே, கட்டட அமைப்பைப் பொறுத்தவரை இத்தகைய ஓவியத்தை நம்பலாம். வானத்தையும் முன்னணி மாந்தரையும் அவ்வளவு எளிதில் நம்பலாகாது. அளவில் ஒவ்வாத 29 வளைவுகளைக் கொண்ட அப்பாலம் பின்னர் முற்றிலும் மாற்றிக் கட்டப்பட்டதால், ஆய்வாளர்க்கு இவ்வோவியத்தின் மதிப்பு கூடுகிறது.

ஆனால் தலைப்போ கட்டியவரின் இனத்தைச் சொல்லிப் பெயரை விட்டுவிட்டது. அவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சென்னையில் வாழ்ந்த ஆர்மேனிய வணிகர். 1726இல் தம் சொந்தப் பொருளால் பாலத்தைக் கட்டி, பராமரிப்புக்கும் நிதி ஒதுக்கினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடையே. மழைக்கால வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க இயலாது தவித்த வழிப்போக்கர்க்கு இவற்றின் பயன் சொல்லாமலே விளங்கும்.

உஸ்கானின் வாழ்வில் புதுச்சேரி குறுக்கிட்டது 1746இல். டூப்ளே புதுச்சேரி ஆளுநராக இருந்த அவ்வாண்டில் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்ற, கோட்டை நகரிலிருந்த உஸ்கானின் உடைமைகள் பறிமுதலாயின. பிரெஞ்சுப் பாதுகாப்பை ஏற்றுப் புதுச்சேரியில் குடியேறினால் அவை திரும்பக் கிடைக்கும் என்பது நிபந்தனை. அவர் அதனை மறுத்து, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குச் சென்றார். இதனை ஆங்கிலேயப் பற்று என்று மட்டும் கொள்வது குறுகிய நோக்கு. தலைமுறைகளாகத் துறைமுகங்களிடையே வாழ்ந்த ஒரு வணிகச் சமூகத்தார் எந்தக் கொடியின்கீழ் வணிகம் தொடரும் எனக் கணித்ததும் அம்முடிவில் இருந்திருக்கக்கூடும். 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1751இல் உஸ்கான் மறைந்து வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இதயம் மட்டும், அவர் விருப்பப்படி, பாரசீகத்தின் ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது.

ஓவியத் தலைப்பு விட்டுவிட்ட பெயரைப் பாலத்தருகே நிறுத்தப்பட்ட கல்வெட்டுக் காத்தது. ஆர்மேனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அதில் தமிழ் இல்லை. மாம்பலத்தின் திரிபாகக் கருதப்படும் 'மர்மலாங்' என்னும் பெயரே ஆங்கிலேயர் வழக்கில் அப்பாலத்திற்கு நெடுங்காலம் நிலவியது. அதே இடத்தில் இன்று சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடக்கும் பாலம் தனித்தமிழ் அறிஞர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியுள்ளது.