ஒற்றைக் கண்ணன்

விருதுநகர்ப் பக்கத்தில் ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வீட்டுக்குள் விடாத பாட்டிமார்களை எனக்குத் தெரியும். தூசிக்காக என்பார்கள்.

அந்தத் துணியில் சிக்கும் பிராணி ஒன்றுக்கு 1785-ல் முல்லர் என்ற டென்மார்க் அறிஞர் சைக்ளாப்ஸ் என்று பெயரிட்டார். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். ஆளோ எள்ளை விடச் சிறியவன்!

அரக்கன் என்ற பெயர் பொருத்தந்தான் என்பது 85 வருஷங்களுக்குப் பிறகு தெரிந்தது. 1870-ல் துருக்கிஸ்தானத்தில் பெட்செங்கோ என்ற ருஷ்ய இளைஞர், நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடலுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டார். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் காலில் சுமார் ஒரு வருஷம் கழித்துக் கொப்புளம் உடையும். நூல் போன்ற புழு தலை நீட்டும். சிவகாசித் தீக்குச்சி போன்ற ஒரு குச்சியில் அதைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்ததோ, கால் சீழ் பிடிக்கும். எரிச்சல் தாளாமல் அவன் குளத்தில் காலை நனைப்பான். குஞ்சுகள் மறுபடி தண்ணீரில்!

பெட்செங்கோ 1873-ல், 29 வயதில், ஆல்ப்ஸ் பனியில் மாண்டார். தமிழ்நாட்டையும் வாட்டிய அந்த நோய் இந்தியாவில் கடைசியாக 1996-ல் காணப்பட்டது. அதைத் தீர்க்கத் தடுப்பூசி எதுவும் வரவில்லை. குளங்களில் மருந்து தெளித்தார்கள். படிக்கிணறுகளை மாற்றிக் கட்டினார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள்.