மூதேவி என்றொரு வசவு

சூளகிரியில் எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் பாதி கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். பாட்டி மட்டும் திட்டுவதற்கென்று ஒரு தமிழ்ச் சொல்லை வைத்திருந்தாள்: மூதேவி.

அது பெரும்பாலும் அத்தைக்குத்தான். சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். அப்பா கொத்துமல்லிக் கட்டுகளோடு சந்தைக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிட்டால் போதும். கேட்டுக் கேட்டு, ஏழு வயதில் நானும் ஒருநாள் அவளை அப்படிச் சொன்னேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அத்தை கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓய்வு பெற்றபின்தான் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். 'மூத்த தேவி' என்பதே மூதேவி. லட்சுமிக்கு அக்காள், அவ்வளவுதான். திருக்குறளில் 167-ல் அவள் பெயர் 'தவ்வை'. அதற்கும் அக்காள் என்றே பொருள். 617-லும் 936-லும் 'முகடி'. தவ்வையும் முகடியும் இன்று உரை இல்லாமல் புரியாத சொற்கள். மூதேவி மட்டும் வசவாகப் பிழைத்துக் கிடக்கிறது.

வடமொழியில் அவள் ஜேஷ்டை. தமிழில் 'சேட்டை' ஆனாள். (பிள்ளைகள் செய்யும் சேட்டை வேறு!) தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்டு நிற்கிறவர்களை இடித்துரைக்கிறார். அப்படியானால் அன்று அவளைக் கும்பிட்டு வரம் கேட்க ஆள் இருந்திருக்கிறது! காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் அவள் சிலை உண்டு. பருத்த வயிறு, காக்கைக் கொடி, கழுதை வாகனம், ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறுபக்கம் மகள், ஆயுதமாகத் துடைப்பம். இவைதான் அவள் அடையாளங்கள். துடைப்பம் என்று படித்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன்.

மதுரைப் பக்கம் போனபோது திருப்பரங்குன்றத்துக்கும் போனேன். பாண்டியர் காலக் குடைவரை. அங்கே துர்க்கைக்கும் ஜேஷ்டைக்கும் கோயில் எடுத்தவள் நக்கன் கொற்றி என்று கி.பி. 773-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெண், மூதேவிக்குக் கோயில் கட்டியிருக்கிறாள். அத்தைக்குச் சொல்லியிருக்கலாம். அவள் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

இப்போதும் பேத்தி பாலைக் கொட்டினால் என் வீட்டுக்காரி வாயில் அந்தச் சொல்தான் வருகிறது.

"அக்கான்னு கூப்பிடு, அதே அர்த்தந்தான்" என்பேன்.

முறைப்பாள்.